முகத்தில் கரும்புள்ளிகள்: செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

(பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் வாலிபர் சங்கத்தாரும் சேர்ந்து நடத்திய சுகாதாரக் கூட்டத்தில், நமது ஆஸ்பத்திரியின் தோல் நோய்ப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் ஒருவர் பேசியதின் எழுத்து வடிவம்.)



முகத்தில் வரும் கரும்புள்ளிகளைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். தலைப்பை வாசித்தபோது சிலர் சிரித்ததைக் கவனித்தேன். சர்க்கரை நோயும் காசநோயும் இருக்க, மூக்கின்மேல் இருக்கும் ஒரு புள்ளிக்குக் கூட்டமா என்று உங்களுக்குத் தோன்றலாம். கரும்புள்ளியினால் யாரும் சாவதில்லை, அது மெய்தான். ஆனாலும் அதைப் போக்குவதற்காக வீட்டிலும் கடையிலும் செய்துகொண்ட வைத்தியத்தினால் முகம் கெட்டுப்போய் வருகிறவர்களை எங்கள் பிரிவில் அடிக்கடி பார்க்கிறோம். நோய் சிறியது, தவறான வைத்தியம் செய்யும் கேடு பெரியது. இதை உங்களுக்குச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கரும்புள்ளி என்பது என்ன?

நம்முடைய தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு சிறிய எண்ணெய்ச் சுரப்பி இணைந்திருக்கிறது. அதில் ஊறும் எண்ணெய் மயிர்க்காலின் துவாரம் வழியாக வெளியே வந்து தோலை மிருதுவாக வைக்கிறது. தோலின் செத்த செல்களும் அந்தத் துவாரத்தின் வழியாகவே உதிர்ந்து வெளியேறுகின்றன. சில சமயம் இந்தச் செல்கள் சரியாக உதிராமல் எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு, புட்டிக்குத் தக்கை போட்டதுபோலத் துவாரத்தை அடைத்துக்கொள்கின்றன. துவாரத்தின் வாய் மூடியிருந்தால் அது சிறிய வெள்ளை மேடாகத் தெரியும். வாய் திறந்திருந்தால் அடைப்பின் மேல்பாகத்தில் காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். அதுவே கரும்புள்ளி.

இந்தக் கறுப்பு அழுக்கு அல்ல. நறுக்கி வைத்த கத்தரிக்காய் காற்றுப்பட்டுக் கறுக்கிறதல்லவா? ஏறக்குறைய அப்படித்தான் இதுவும். தோலின் நிறப்பொருளும் எண்ணெயும் காற்றோடு சேர்ந்து கறுக்கின்றன. ஆகவே, “நீ முகம் கழுவுவதில்லை, அதனால்தான் இப்படி” என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வது நியாயம் அல்ல. நாளொன்றுக்குப் பத்துத் தரம் சோப்புப் போட்டாலும் இந்தக் கறுப்பு போகாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மூக்கின்மேல் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் மணல்போல் தெரிகிற புள்ளிகள் எல்லாம் கரும்புள்ளிகள் அல்ல. எல்லாருடைய மூக்கிலும் எண்ணெய் இப்படித் துவாரத்தில் நிற்கும். அதைப் பிதுக்கி எடுத்தாலும் சுமார் ஒரு மாதத்தில் திரும்ப நிரம்பிவிடும். அது நோய் அல்ல, அதற்கு வைத்தியமும் வேண்டாம்.

யாருக்கு வருகிறது?

பெரும்பாலும் வாலிபப் பிராயத்தில்தான் தொடங்குகிறது. அந்த வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளைகள் இருபாலாரிடமும் கூடி, எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெரிதாக்குகிறது. தாய் தகப்பனுக்குப் பரு அதிகம் வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் வரலாம்.

நம் ஊர் வழக்கங்களிலும் சில காரணங்கள் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்து, அது நெற்றியில் வழிந்து நிற்க விடுகிறோம். நெற்றியின் மேல் ஓரத்தில் மட்டும் சிறுசிறு புள்ளிகள் நெருக்கமாக வந்தால், முதலில் எண்ணெயைத்தான் சந்தேகிக்கவேண்டும். முகம் வறள்கிறது என்று தேங்காய் எண்ணெயைப் பூசுகிறவர்களுக்கும், கெட்டியான கிரீம்களையும் பவுடரையும் இரவிலும் கழுவாமல் விடுகிறவர்களுக்கும் இது கூடும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறைகளில் வேலை செய்யும் தம்பிமாருக்கு முகத்தில் அல்ல, முன்கைகளிலும் தொடைகளிலும் கரும்புள்ளிகள் வரும். இயந்திரத்தின் எண்ணெய் உடுப்பில் ஊறி, நாள் முழுவதும் தோலோடு ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். அவர்கள் மேலே ஒரு ஏப்ரன் கட்டிக்கொண்டு, வேலை முடிந்தவுடன் உடுப்பை மாற்றி, சோப்பினால் கழுவவேண்டும். மண்ணெண்ணெயினாலும் பெட்ரோலினாலும் கை கழுவக் கூடாது.

வயதான விவசாயிகள் சிலருக்குக் கண்களின் ஓரத்திலும் கன்னத்தின் மேல்பாகத்திலும் பெரிய கரும்புள்ளிகள் கூட்டமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெகுகாலம் வெயிலில் வேலை செய்ததினாலும், பீடி சிகரெட் பழக்கத்தினாலும் வருவது அது. பெண்பிள்ளைகளுக்குப் பருவோடுகூட மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்து, மேலுதட்டிலும் தாடையிலும் ரோமம் வளர்ந்தால், சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும்.

செய்யக் கூடாதவை

முதலாவது, நகத்தினால் பிதுக்கக் கூடாது. பிதுக்கும்போது அடைப்பில் பாதி வெளியே வரும், பாதி உள்ளே அழுந்தும். உள்ளே அழுந்தினால் மயிர்க்காலின் சுவர் கிழிந்து சீழ்ப்பரு உண்டாகும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு பல மாதங்கள் நிற்கும். சிலருக்குக் குழியும் விழும், குழி விழுந்தால் லேசில் மறையாது. மூக்கின் மேல்பாகத்திலிருந்து வாயின் இரு ஓரங்கள்வரை உள்ள முக்கோணப் பகுதியின் இரத்தக் குழாய்களுக்கு மண்டை ஓட்டின் உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்களோடு தொடர்பு உண்டு. அங்கே புண்ணாகிக் கிருமி உள்ளே பரவுவது மிக அபூர்வம்தான். என்றாலும், அந்த இடத்தில் பிதுக்கிய பின் காய்ச்சல், கடுமையான தலைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. ஊக்கு, கொண்டை ஊசி இவைகளால் குத்துவதும் அப்படியே ஆபத்து.

இரண்டாவது, தேய்க்கக் கூடாது. தேங்காய் நார், கரடுமுரடான பீர்க்கங்காய் நார், சர்க்கரை, உப்பு இவைகளால் முகத்தைத் தேய்ப்பதினால் மேல்தோல் உரியுமே தவிர உள்ளே இருக்கும் அடைப்பு அசையாது.

மூன்றாவது, சமையலறையை மருந்துக்கடை ஆக்கக் கூடாது. எலுமிச்சம்பழச் சாற்றைப் பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகும். சமையல் சோடா தோலின் இயல்பான புளிப்புத் தன்மையைக் கெடுத்து எரிச்சல் உண்டாக்கும். பற்பசை பல்லுக்குச் செய்யப்பட்டது, முகத்துக்கு அல்ல. மூக்கில் ஒட்டிப் பிடுங்கும் பட்டைகள் மேலே இருப்பதை மட்டும் எடுக்கும், சில நாட்களில் பழையபடியே இருக்கும்.

நான்காவதை நீங்கள் எல்லாரும் கவனமாய்க் கேட்கவேண்டும். டாக்டர் எழுதிக்கொடுக்காத ட்யூப் மருந்தை முகத்தில் பூசக் கூடாது.

ட்யூப் மருந்தின் கதை

எங்கள் பிரிவில் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை இது. ஒரு பெண்பிள்ளைக்கு மூக்கிலும் கன்னத்திலும் கரும்புள்ளியும் சில பருக்களும் இருக்கின்றன. வீட்டில் ஒரு கலியாணம் வருகிறது. சித்தியோ தோழியோ, “இந்த ட்யூபைப் போடு, ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும்” என்கிறார்கள். கடையில் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள். சொன்னபடியே ஒரு வாரத்தில் சிவப்பு தணிகிறது, முகம் வெளுத்து வழவழப்பாகிறது. பிள்ளைக்குச் சந்தோஷம். கலியாணம் முடிந்த பின்னும் பூசிக்கொண்டே இருக்கிறாள்.

சில மாதங்கள் சென்றபின் ஒரே மாதிரியான சிறு பருக்கள் முகம் நிறைய வருகின்றன. தோல் மெலிந்து, உள்ளே இருக்கும் சிவப்பு நரம்புகள் வலைபோல் தெரிகின்றன. கன்னத்தில் ரோமம் வளர்கிறது. வெயிலில் போனால் எரிகிறது, அடுப்படியில் நின்றாலும் எரிகிறது. பயந்து ட்யூபை நிறுத்தினால், இரண்டே நாளில் முகம் நெருப்பாய்ச் சிவந்து வீங்குகிறது. மறுபடியும் பூசினால் அடங்குகிறது. இப்படி அந்த மருந்துக்கு அடிமையாகிவிடுகிறாள். கல்லூரிக்குப் போகவும் மனமில்லாமல், துப்பட்டாவினால் முகத்தை மூடிக்கொண்டு அம்மாவோடு வருகிறாள்.

அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. இவை கெட்ட மருந்துகள் அல்ல. கரப்பான் போன்ற நோய்களுக்கு டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாட்கள் பூசினால் மிகுந்த உதவி செய்யும். ஆனால் பருவுக்கும் கரும்புள்ளிக்கும் இது மருந்து அல்ல, நாளடைவில் பருவையே உண்டாக்குகிறது. ஸ்டீராய்டோடு தோலை வெளுக்கச் செய்யும் ஹைட்ரோகுவினோனையும், தோலை உரியச் செய்யும் டிரெட்டினாயினையும் கலந்து மூன்று மருந்துகள் உள்ள ட்யூப்களும் விற்கின்றன. மங்கு என்னும் நோய்க்குச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித்தரும் அந்த மருந்தை, நிறம் கூடும் என்று மாதக்கணக்காய்ப் பூசுகிறவர்கள் அநேகர்.

2018-ஆம் ஆண்டில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. அப்படியிருந்தும் சீட்டு கேட்காமல் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. சட்டம் இருந்தால் மட்டும் போதாது, வாங்குகிற நாமும் ட்யூபைத் திருப்பிப் பார்த்து வாசிக்கவேண்டும். “ஆர்எக்ஸ்” என்ற குறி போட்டிருந்தால் அது சீட்டு மருந்து. அக்கம்பக்கத்தார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது, நம்முடையதை மற்றவர்களுக்கும் கொடுக்கக் கூடாது.

பெயரும் விலாசமும் இல்லாத வெளுப்பு கிரீம்கள் இன்னும் மோசம். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இப்படிப்பட்ட கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்திருப்பதை அங்குள்ள டாக்டர்கள் கண்டறிந்தார்கள். முகத்தில் பூசினது சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறது.

உங்களில் யாராவது ஏற்கெனவே மாதக்கணக்காக ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தால் பயப்படவேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். அந்த ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் வாருங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்லுவார். சில வாரங்களோ சில மாதங்களோ கஷ்டமாயிருக்கும், ஆனாலும் பெரும்பாலோருக்கு முகம் தேறிவிடுகிறது.

செய்ய வேண்டியவை

1. காலையும் மாலையும் மிருதுவான சோப்பினாலோ முகம் கழுவும் திரவத்தினாலோ, வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். விரல்களினாலேயே கழுவி, துண்டினால் ஒற்றியெடுங்கள். மிகவும் வேர்த்தால் இன்னொரு முறை கழுவலாம்.

2. தலைக்கு எண்ணெய் வைக்கிறவர்கள் நெற்றியில் படாமல் அளவாய் வையுங்கள். முடியை நெற்றியில் விழவிடாமல் பின்னுக்கு வாருங்கள். தலையணை உறையை அடிக்கடி துவைத்து மாற்றுங்கள்.

3. கிரீம் வாங்கும்போது, மயிர்க்காலை அடைக்காதது என்று உறையில் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பவுடரையும் பூச்சையும் இரவில் கழுவிவிட்டே படுங்கள்.

4. லேசான கரும்புள்ளிகளுக்குச் சாலிசிலிக் அமிலம் உள்ள முகம் கழுவும் திரவம் உதவும். 2 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். இந்த அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது, ஆகையால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பை இளக்குகிறது.

5. அதற்கும் கட்டுப்படாவிட்டால் டாக்டர் அடாபலீன் என்னும் மருந்தை எழுதிக்கொடுப்பார். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த இந்த மருந்து, புதிய அடைப்புகள் உண்டாகாமலே தடுக்கிறது. முகம் முழுவதற்கும் ஒரு பச்சைப்பட்டாணி அளவு போதும். முகம் கழுவி நன்றாய் உலர்ந்தபின், முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் மட்டும் பூசவேண்டும். ஆரம்பத்தில் தோல் வறண்டு உரியும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடினதுபோலும் தெரியும். இதைக் கண்டு பாதியில் விடுகிறவர்கள் அதிகம்.

6. கரும்புள்ளியோடு சிவந்த பருக்களும் இருந்தால் பென்சாயில் பெராக்சைடு கொடுப்பார்கள். 2.5 சதவீதமே பலருக்குப் போதும். சதவீதம் கூடினால் எரிச்சல்தான் கூடும். அது துணியை வெளுக்கும், ஆகவே நல்ல தலையணை உறையை எடுத்து வைத்துவிடுங்கள். சூட்டில் இந்த மருந்து சிதைந்து பென்சீன் என்னும் நச்சுப்பொருள் உண்டாகக்கூடும். அடுப்பின் பக்கத்திலும் வெயில்படும் ஜன்னலிலும் அதை வைக்கக் கூடாது.

7. இந்த மருந்துகளைப் பயன்படுத்தும்போது வெயில் சீக்கிரம் சுடும். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் போடுங்கள். வாங்க வசதியில்லாவிட்டால் குடை பிடியுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

8. பொறுமையாயிருங்கள். கண்ணுக்குத் தெரியாத அடைப்பு புள்ளியாக வெளியே வருவதற்கே பல வாரங்கள் ஆகின்றன. ஆகையால் மருந்தின் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் செல்லும். ஒரு வாரத்தில் முகத்தை மாற்றித் தருவேன் என்று சொல்லும் மருந்தைக் கண்டால் ஒதுங்கிப்போங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை

கர்ப்பமாயிருக்கிறவர்களும், பிள்ளைக்காகக் காத்திருக்கிறவர்களும் அடாபலீன், டிரெட்டினாயின் போன்ற வைட்டமின் ஏ வகை மருந்துகளைத் தவிர்க்கவேண்டும். கடுமையான பருக்களுக்குக் கொடுக்கும் ஐசோடிரெட்டினாயின் என்னும் மாத்திரை வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கொடிய ஊனங்களை உண்டாக்கும். அதை உட்கொள்ளும் நாட்களிலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. அக்காளுக்கு எழுதின மாத்திரையைத் தங்கை விழுங்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இதில் அது ஒருநாளும் நடக்கக் கூடாது.

டாக்டரிடம் எப்போது வரவேண்டும்?

மூன்று மாதம் ஒழுங்காய்ச் செய்தும் குறையாவிட்டால் வாருங்கள். வலிக்கிற பெரிய கட்டிகள் வந்தாலும், தழும்பும் குழியும் விழத் தொடங்கினாலும் தாமதிக்கவேண்டாம். கறுப்புப் புள்ளி ஒன்று பெரிதாகிக்கொண்டோ, நிறம் மாறிக்கொண்டோ, இரத்தம் கசிந்துகொண்டோ இருந்தால் அது கரும்புள்ளி அல்ல, உடனே காட்டவேண்டும். பெரிய கரும்புள்ளிகளைச் சுத்தமான கருவியினால் வலியில்லாமல் எடுத்துவிட ஆஸ்பத்திரியில் முடியும். அதைப் பழகினவர்கள் செய்யவேண்டும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

கேள்வி: சிஸ்டர், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் கரும்புள்ளி வருமா?

பதில்: வடையில் இருக்கும் எண்ணெய் அப்படியே மூக்கில் வந்து ஊறுவதில்லை. சர்க்கரை மிகுந்த பானங்களும் பண்டங்களும், சிலருக்குப் பாலும், பருவைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாருக்கும் அப்படி அல்ல. உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனித்து அதைக் குறையுங்கள். பிள்ளைகளுக்குப் பாலை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.

கேள்வி: மஞ்சள் பூசிக் குளிக்கலாமா?

பதில்: ஒத்துக்கொள்கிறவர்கள் பூசட்டும். கரும்புள்ளியின் அடைப்பை அது எடுக்காது. பூசினால் நன்றாய்க் கழுவிவிடுங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: பியூட்டி பார்லரில் ஆவி பிடித்து எடுக்கிறார்களே?

பதில்: ஆவி அடைப்பைக் கொஞ்சம் இளக்கும், அவ்வளவுதான். ஒருவருக்குப் பயன்படுத்தின கருவியைக் கிருமி நீக்காமல் மற்றவருக்குப் பயன்படுத்தினால் நோய் தொற்றலாம். அவர்கள் பூசும் கிரீமின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: கலியாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: கலியாணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகக் குறைகிறது. அதைப் பார்த்துத்தான் இப்படிச் சொல்லிவிட்டார்கள். முப்பது வயதுக்கு மேலும் பரு வருகிற பெண்கள் உண்டு.

முடிவாக, தாய் தகப்பன்மாருக்கு ஒரு வேண்டுகோள். நமக்குச் சிறிதாய்த் தெரியும் புள்ளி, பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சிறிதல்ல. உறவினர் முன்பாக, “முகம் என்ன இப்படி இருக்கிறது?” என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தையே அந்தப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பி, அந்த ட்யூபை வாங்கவைக்கிறது. பிள்ளை எப்போதும் கண்ணாடிமுன் நின்று கவலைப்பட்டால், வெளியே வர மறுத்தால், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டால், அதைப் பிடிவாதம் என்று எண்ணாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வாலிபப் பிள்ளைகளே, ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் கேலி செய்யாதிருங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியில் இருக்கும் ட்யூப்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். காலாவதியானதை எறிந்துவிடுங்கள். புரியாததை அடுத்த முறை வரும்போது எங்களிடம் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்லுகிறோம். இதற்கு உங்களுக்குச் செலவு ஒன்றும் இல்லை.